விண்டோஸா, லினக்ஸா? எதை நம்பிக் கணினியை இயக்கலாம்?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. நீடிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டவர்களைத் தவிர மற்றவர்களின் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. விண்டோஸ் 11க்கு மாறுவதென்றால் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். பாடசாலைக் கணினி அறைகளிலும் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் உள்ள, யாரோ நல்ல மனதோடு தந்த பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. "அப்ப லினக்ஸ் போட்டா நம்பலாமா சேர்?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

விண்டோஸ் தனியுரிமைப் பணிசெயல் முறைமை. அதன் மூல நிரலைத் திருத்தும் உரிமை அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் திறந்த மூலம். அதன் நிரலை யாரும் வாசிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் அறியாமலேயே லினக்ஸ் கருவைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டில் எது நம்பகமானது என்று வாதிடுவோர் இலண்டன் பங்குச் சந்தையை உதாரணம் காட்டுவதுண்டு. அதில் நமது நாட்டுக்கும் பங்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 2007இல் அச்சந்தை மைக்ரோசொப்ட்டின் தொழினுட்பத்தில் அமைந்த டிரேட்இலெக்ட் என்ற வர்த்தக முறைமைக்கு மாறியது. அடுத்த வருடம் செப்டெம்பர் 8ஆம் திகதி, அமெரிக்க அரசு இரண்டு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களைப் பொறுப்பேற்ற மறுநாள், உலகமே பங்கு வாங்கவும் விற்கவும் துடித்த வேளையில் முறைமை முடங்கியது. ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் வியாபாரம் நின்றது. 2009இல் இலண்டன் சந்தை ஒரு மென்பொருள் நிறுவனத்தையே 3 கோடி டொலருக்கு வாங்கியது. அதுதான் மாலபேயில் இயங்கிய இலங்கை நிறுவனமான மிலேனியம் ஐ.டி. அதன் லினக்ஸில் இயங்கும் முறைமைக்கு 2011 பெப்ரவரி 14ஆம் திகதி பிரதான சந்தை மாறியது.

கதை இத்துடன் முடிந்தால் லினக்ஸ் ஆதரவாளர்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அதே பெப்ரவரி 25ஆம் திகதி புதிய முறைமையிலும் கோளாறு ஏற்பட்டு, சுமார் நான்கு மணித்தியாலம் வியாபாரம் நின்றது. 2008 முடக்கத்துக்கு விண்டோஸ்தான் காரணம் என்றும் சந்தை கூறவில்லை. பணிசெயல் முறைமைக்கு மேலே ஓடும் மென்பொருள், வலையமைப்பு, அவற்றைப் பரிசோதித்த விதம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கணினியின் நம்பகத்தன்மை. விண்டோஸையோ லினக்ஸையோ மட்டும் தனியே பிரித்துப் பழி சொல்வதும் புகழ்வதும் எளிது. சரியாகச் சொல்வது கடினம்.

2024 ஜூலை 19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. விமானங்கள் இரத்தாகின. பிழை விண்டோஸுடையது அல்ல. ஆனால் அந்த மென்பொருள் விண்டோஸின் கருவுக்குள்ளேயே இயங்கியதால் முழுக் கணினியும் சரிந்தது. 2017 மே மாதத்தில் பிரித்தானிய வைத்தியசாலைகளை முடக்கிய வானக்ரை தாக்குதலோ வேறு வகை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள்தான் அகப்பட்டன.

திறந்த மூலத்தை ஆயிரம் கண்கள் பார்ப்பதால் பிழை ஒளிய முடியாது என்பார்கள். பாதி உண்மை. ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாரிய ஓட்டையை இரண்டு வருடமாக யாரும் பார்க்கவில்லை. 2014இல்தான் அது வெளிப்பட்டது. பத்து வருடம் கழித்து, லினக்ஸ் முறைமைகளில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளுக்குள், நீண்ட காலம் உதவிசெய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் இரகசிய வாசலொன்றைப் புகுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழமையைவிட அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகித்துத் தோண்டிய அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட் என்ற பொறியியலாளர், 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அவர் வேலை பார்த்தது மைக்ரோசொப்ட்டில் என்பது சுவையான செய்தி.

ஆகவே பழைய கணினி வைத்திருப்பவர் கேட்க வேண்டியது, எனது கணினிக்கு இனித் திருத்தம் அனுப்பப்போவது யார், எத்தனை வருடத்துக்கு என்பதுதான். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து வருடம் இலவசமாகத் திருத்தங்கள் வருகின்றன. 24.04 பதிப்புக்கு 2029 வரை கிடைக்கும். ஆதரவு முடிந்த விண்டோஸை இணையத்தோடு இணைத்து வைப்பதைவிட இது மேல் என்பது எனது அபிப்பிராயம். கடையில் போட்டுத் தரும் களவுப் பிரதியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதற்குள் யார் எதைச் சேர்த்தார் என்று மைக்ரோசொப்ட்டுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

மாற முன்னர் யூ.எஸ்.பி.யில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அச்சுப்பொறி வேலை செய்கிறதா, தமிழ்த் தட்டச்சு சரிவருகிறதா, பழைய வேர்ட் ஆவணங்கள் லிப்ரே ஒபிஸில் வரி குலையாமல் திறக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் இருந்தால் அந்த ஒரு கணினியை மாற்ற வேண்டாம். பாடசாலையென்றால், ஏதாவது கோளாறு வந்தால் பார்க்கக்கூடிய ஆசிரியர் ஒருவரோ பழைய மாணவர் ஒருவரோ இருக்கிறாரா என்பதையும் முதலே பேசி முடித்துவிடுங்கள். மாணவர்களின் புள்ளிப் பதிவுகளை வேறொரு தட்டில் பிரதி எடுத்த பிறகே எதையும் அழிக்க வேண்டும்.