கட்கேசரைத் தாண்டினால் காகதீயர் நாடு

1857 ஜூலை 17 அன்று துர்ரே பாஸ் கானும் மௌலவி அலாவுதீனும் திரட்டிய கூட்டம் ஹைதராபாத் ரெசிடென்சி மாளிகையைத் தாக்கியது. தாக்குதலை ஆங்கிலேயர் முறியடித்துவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் செகந்திராபாதுக்கு வடக்கே, திருமுல்கேரியில், அகழியும் மதிலும் சூழ்ந்த பாசறை ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1858-ல் எழுந்த ராணுவச் சிறைச்சாலை இங்கிலாந்துக் கோட்டைகளின் சாயலில் கொத்தளங்களோடு இன்றும் நிற்கிறது. 1896-ல் போலோ ஆட வந்த இளம் ராணுவ அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில், பமேலா ப்ளோடன் என்ற பெண்ணைச் சந்தித்து மனதைப் பறிகொடுத்ததைத் தன் தாய்க்குக் கடிதமாக எழுதியதும் திருமுல்கேரியிலிருந்துதான். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

நம்மவர்களுக்கும் இந்தப் பட்டாளத்து ஊரில் பங்கு உண்டு. மதராஸ் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாதில் வேரூன்றின. 1862-ல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மகபூப் கல்லூரி ஆனது. சிகாகோவுக்குக் கப்பலேறும் முன், 1893 பிப்ரவரியில், விவேகானந்தர் அங்கே உரையாற்றினார்.

இவ்வளவு இருந்தும், ஹைதராபாத் வருகிற தமிழர்கள் சார்மினார், கோல்கொண்டா, ராமோஜி ஃபிலிம் சிட்டி, ஒரு பிளேட் பிரியாணி என்று முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். அவர்களுக்கு என் யோசனை இது. பன்னிரண்டு பேர் சேருங்கள். ஒரு டெம்போ டிராவலர் எடுத்து, திருமுல்கேரியிலிருந்து கிழக்கே போங்கள். மூன்று நாள் போதும். நேரேட்மெட், இ.சி.ஐ.எல். கடந்து கட்கேசரில் 163-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் புவனகிரி, ஜனகாம், வாரங்கல், முலுகு என்று அது காகதீயர் நாட்டின் ஊடாகவே ஓடுகிறது. திரும்பும்போது சேரியால், சித்திப்பேட்டை வழியாக ராஜீவ் ரஹதாரியில் ஏறினால், அந்தச் சாலை அல்வால் வந்து திருமுல்கேரியிலேயே கொண்டுவிடும். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

ஏன் பன்னிரண்டு பேர்? 2021 ஜூலையில், இதே வழியிலுள்ள ராமப்பா கோயிலுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. தெலங்கானாவுக்கு அதுதான் முதலாவது. நல்ல செய்திதான். ஆனால் அதோடு ஒரு வியாதியும் வந்தது: காலையில் ஹைதராபாதில் புறப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, உச்சி வெயிலில் கோயிலைப் பார்த்து, செல்ஃபி எடுத்து, இரவே வீடு திரும்பும் அவசரப் பயணம். ஐம்பது பேர் ஏறிய பேருந்தை ஒரு பட்டறை வாசலில் நிறுத்தி என்ன செய்வது? வழியிலுள்ள ஊர்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகின்றன. சிறு குழுவுக்கு இந்தக் கஷ்டமில்லை. பன்னிரண்டு பேருக்குச் சிற்றூர் ஹோட்டலில் கூடச் சுடச்சுட ஜொன்ன (சோள) ரொட்டி கிடைக்கும்.

முதல் நிறுத்தம் புவனகிரி. தரையிலிருந்து ஐந்நூறு அடி உயரத்துக்கு ஒரே பாறை. அதன் தலையில் கோட்டை. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் திரிபுவனமல்லன் ஆறாம் விக்கிரமாதித்தன் கட்டியது என்பார்கள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். இந்தக் கோட்டையோடு எனக்குப் பிடித்த ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது: சர்வாயி பாப்பன்னா. கள் இறக்கும் சமூகத்தில் பிறந்து, அவுரங்கசீப் மறைந்த குழப்பத்தில் முகலாய அதிகாரிகளையும் ஜமீன்தார்களையும் கலங்கடித்தவர். 1708-ல் வாரங்கலைச் சூறையாடினார். மறு ஆண்டு புவனகிரியைத் தாக்கினார். 1710-ல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அரசு ஆவணங்கள் அவரைக் கொள்ளைக்காரர் என்றன, நாட்டுப் பாடல்கள் வீரர் என்றன. அவர் கட்டிய கோட்டை ஜனகாமுக்கு அப்பால் கிலாஷாபூர் கிராமத்தில் இருக்கிறது. கூட்டம் என்ற பேச்சே அங்கே இல்லை.

ஆலேரில் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் கொலனுபாகா. ஒரு காலத்தில் சாளுக்கியரின் பெரிய நகரம், இன்று சின்ன ஊர். சமணர்களுக்கு இது முக்கியமான தலம். பச்சைக் கல்லில் செய்த மகாவீரர் உருவம் இங்கே பேர்பெற்றது. வீரசைவர்களோ தங்கள் குரு ரேணுகாசாரியர் இங்குள்ள சோமேஸ்வர லிங்கத்திலிருந்து தோன்றினார் என்று நம்புகிறார்கள். சமணக் கோயிலைப் பளிங்கு பளபளக்கப் பராமரிக்கிறார்கள். சோமேஸ்வரர் கோயிலில் உடைந்த சிற்பங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த உடைந்த வரிசைதான் அதிகம் சொல்லியது.

பெம்பர்த்தியை வாரங்கல் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். பித்தளைத் தகட்டை அரக்குப் படுகையில் பதித்து, பின்புறமிருந்து தட்டித் தட்டிப் புடைப்புருவம் எடுக்கும் விஸ்வகர்மா குடும்பங்களின் ஊர் இது. கோயில் வாகனங்களுக்கும் கதவுகளுக்கும் கவசங்களுக்கும் தகடு வேலை செய்தவர்கள், நிஜாம் காலத்தில் வெற்றிலைப் பெட்டிக்கும் அத்தர் சிமிழுக்கும் மாறினார்கள். இப்போது பரிசுக் கேடயங்களும் செய்கிறார்கள். கலை நசிந்துவிட்டதே என்று உச்சுக் கொட்டுவதைவிட ஒரு சின்ன விளக்காவது வாங்குவது மேல்.

வாரங்கலில் இரவு தங்க வேண்டும். ஹனுமகொண்டாவில் 1163-ல் காகதீய மன்னன் ருத்ரதேவன் எழுப்பிய ஆயிரங்கால் கோயில், சிவன், விஷ்ணு, சூரியன் மூவருக்குமாகக் கட்டப்பட்டது. அதன் கல்யாண மண்டபத்தைப் புதுப்பிக்க 2006-ல் பிரித்தார்கள்; மீண்டும் திறந்தது 2024 மார்ச்சில். கல்லைப் பிரிப்பது சுலபம், கோப்பது அப்படியில்லை! வாரங்கல் கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மண் மதில், கல் மதில், பருத்தி வயல், எருமை மாடு, இவற்றுக்கு நடுவே நான்கு திசைக்கும் நான்கு தோரண வாயில்கள். அவை நுழைவாயிலாக இருந்த சுயம்பு சிவன் கோயில், 1323-ல் டெல்லிப் படை ஊரைப் பிடித்தபின் நொறுங்கிப்போனது. 2014-ல் பிறந்த தெலங்கானா அரசு தன் முத்திரையில் வைத்துக்கொண்டது இந்தத் தோரணத்தைத்தான்.

இது காகதீய அரசி ருத்ரமாதேவி ஆண்ட ஊர் என்பது தெலுங்குப் படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். தமிழர்களுக்கு வேறொரு பந்தம் இருக்கிறது. அவளுடைய தந்தை கணபதிதேவனின் காலத்துக் கல்வெட்டு காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் உள்ளது, ஆண்டு 1249. அவளுடைய பேரன் பிரதாபருத்திரனின் தளபதி முப்பிடி நாயக்கன் 1316-ல் காஞ்சியைக் கைப்பற்றி வரதராஜர் கோயிலில் கல்வெட்டு வெட்டினான். அந்தக் கல்வெட்டுகளைத் தாண்டித் தாண்டிப் பிரசாதம் வாங்கிய நமக்கு, அவற்றை வெட்டியவர்களின் ஊரைப் பார்க்க ஒரு தடவையாவது தோன்ற வேண்டாமா?

மறுநாள் விடிகாலையில் பாலம்பேட்டை. கணபதிதேவனின் படைத்தலைவன் ரேசர்ல ருத்ரன் 1213-ல் எழுப்பிய ருத்ரேஸ்வரர் கோயில், சிற்பியின் பெயரால் ராமப்பா கோயில் ஆகிவிட்டது. செம்மணற்கல் சுவர், விதானத்தைத் தாங்குவதுபோல் சாய்ந்து நிற்கும் கருங்கல் மதனிகைகள் (பெண் சிற்பங்கள்). ஒருத்திக்குக் குதிகால் செருப்பு கூட உண்டு. அந்தக் கருங்கல்லில் கொண்டை ஊசி துல்லியமாகத் தெரியும். நுழைவாயில் தூணிலுள்ள குழலூதும் கிருஷ்ணனை விரலால் சுண்டினால் ஸ்வரம் கேட்கிறது. தயவுசெய்து பன்னிரண்டு பேரும் சுண்டிப் பார்க்க வேண்டாம். விமானத்துச் செங்கல் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. அடித்தளத்தில் மணலை நிரப்பி, அதோடு வெல்லமும் கடுக்காயும் கலந்து இறுக்கினார்கள் என்கிறார்கள். பூமி அசைந்தால் மணலும் கூடவே அசைந்து கொடுக்கும். தளம் அங்கங்கே அலையாக மேடுபள்ளமாகியிருப்பதைப் பார்க்கலாம், கட்டடம் நிற்கிறது. இங்குள்ள நடனச் சிற்பங்களையும், காகதீயப் படைத்தலைவன் ஜாயபன் எழுதிய ‘நிருத்த ரத்னாவளி’யையும் வைத்து, வழக்கொழிந்திருந்த பேரிணி தாண்டவத்தை இருபதாம் நூற்றாண்டில் மீட்டார் நடராஜ ராமகிருஷ்ணா.

கோயிலோடு ஏரியையும் வெட்டுவது காகதீயர் வழக்கம். ராமப்பா ஏரி இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. 2015-ல் மாநில அரசு ஏரிகளைத் தூர்வாரத் தொடங்கிய திட்டத்துக்கு ‘மிஷன் காகதீயா’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. பக்கத்திலேயே கணபுரத்தில் இருபத்திரண்டு கோயில்கள் கொண்ட கோட்ட குள்ளு இருக்கிறது. ராமப்பாவின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அங்கே வருவதாகத் தெரியவில்லை. மதியம் அங்கே போங்கள்.

மூன்றாம் நாள் சேரியால். கதர்த் துணியில் அரிசிக் கஞ்சியும் வெள்ளை மண்ணும் புளியங்கொட்டைப் பசையும் பூசி, சிவப்புப் பின்னணியில் கதைகளைக் கட்டம் கட்டமாகத் தீட்டும் நகாஷி குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஒவ்வொரு சாதிக்கும் அதன் குலக்கதையை ஊர் ஊராகப் பாடும் கலைஞர்கள் இந்தச் சுருள்களைத்தான் விரித்துக் காட்டினார்கள். பாடுகிறவர்கள் குறைந்தார்கள், சுருள்கள் சுவர்ப் படங்களாகவும் முகமூடிகளாகவும் சுருங்கின. முகமூடி மலிவு. சுருள் வாங்குவதென்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள், வேலை நாள்கணக்கில் ஆகும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். பிப்ரவரியில் போனால் வாரங்கல் ஏனுமாமுல சந்தையில் மிளகாய் மூட்டைகள் குவிந்திருக்கும்; கைக்குட்டை அவசியம். மேடாரத்தில் சம்மக்கா–சாரலம்மா ஜாதரைத் திருவிழா நடக்கும் ஆண்டானால் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை) அந்த வாரத்தில் இந்தப் பக்கம் வேன் எடுக்காதீர்கள். லட்சக்கணக்கான பக்தர்கள் இதே சாலையில்தான் வருவார்கள். ஜாதரையைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் மூன்று நாள் போதாது.