விண்வெளிக்கு லிஃப்ட்: ஒரு கிலோ ஏத்த 135 ரூபாய் கரன்ட் போதும்... அப்புறம் ஏன் இன்னும் கட்டலை?

உங்க வீட்டு மொட்டைமாடியில இருக்கிற டி.டி.ஹெச் குடையை ஒரு தடவை பாருங்க. அது எப்பவும் ஒரே திசையைத்தான் பார்த்துட்டிருக்கும். காரணம், அது பார்க்கிற சாட்டிலைட் வானத்துல ஒரே இடத்துல நிற்கிற மாதிரி இருக்கு. நிஜத்தில் அது நிற்கவில்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒரு சுற்று சுற்றி முடிக்கும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போ ஒரு விபரீத யோசனை. அந்த உயரத்திலிருந்து ஒரு கயிற்றைக் கீழே தொங்கவிட்டா என்ன ஆகும்? பூமியில் ஒரே இடத்தில் வந்து தொட்டுக்கொண்டு நிற்கும். கயிற்றோட எடை சாட்டிலைட்டைக் கீழே இழுக்குமே என்று கேட்டால், சரியான கேள்வி. அதை ஈடுகட்ட, மேல்பக்கமும் கயிற்றை நீட்டி, நுனியில் ஒரு கனமான பொருளைக் கட்டணும். கல்லைக் கயித்துல கட்டிச் சுத்தும்போது கயிறு விறைப்பா நிற்குமே, அதே கதைதான். அந்தக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெட்டி மேலே ஏறினா, அதுதான் ஸ்பேஸ் எலிவேட்டர்.

ஐடியா புதுசு இல்லை. 1895-லேயே ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி, ஈஃபில் டவரைப் பார்த்துட்டு இப்படி வானம் வரைக்கும் ஒரு கோபுரம் கட்டினால் என்ன என்று யோசித்தார். கோபுரத்துக்குப் பதில் மேலேயிருந்து கயிறு என்று 1960-ல் மாற்றி எழுதியவர் இன்னொரு ரஷ்யரான யூரி அர்சுடனோவ். உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது, இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 1979-ல் வந்த அவரோட நாவலில் லிஃப்ட் நிற்கிற இடம் இலங்கையைப் போலவே ஒரு தீவு. நிஜ இலங்கை நிலநடுக்கோட்டில் இல்லையே என்பதற்காக, கதைக்குள்ளே தீவையே தெற்கே நகர்த்தி வைத்துவிட்டார் மனுஷன்!

தண்ணி கேன் 46 லட்சம்

சரி, ராக்கெட் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு? காசுதான் பாஸ் காரணம். நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் ஓடிய காலத்தில், ஒரு கிலோ எடையைத் தாழ்வான சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோக ஆன செலவு சுமார் 54,500 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு லிட்டர் தண்ணி 46 லட்சம் ரூபாய். விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரிச்சு மறுபடியும் குடிக்கிறாங்களே, ஏன்னு இப்போ புரியுதா?

ராக்கெட் கிளம்பும்போது அதன் எடையில் பத்துல ஒன்பது பங்கு கிட்ட எரிபொருளும் ஆக்ஸிஜனும்தான். அந்த எரிபொருளைத் தூக்கவே இன்னும் எரிபொருள் வேணும். லிஃப்ட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வெளியிலிருந்து கரன்ட் கொடுத்தால் போதும். எவ்வளவு கரன்ட்? பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு கிலோவை 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்ற சுமார் 13.5 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றால் 135 ரூபாய். லேசர் மூலமா கரன்ட் அனுப்பும்போது நிறைய வீணாகும், பெட்டியோட எடையும் சேரும். அதனால இதைப் பல மடங்கு பெருக்கிக்கோங்க. அப்பவும் 46 லட்சம் பக்கம்கூட வராது. ஸ்பேஸ் எலிவேட்டர் மேல இத்தனை பேருக்குக் காதல் வந்ததுக்கு இந்த ஒரு கணக்குதான் காரணம்.

அப்போ ஏன் கட்டலை? முதல் தடை, கயிறு. அது தன்னோட எடையையே தாங்கணும். இரும்புக் கம்பி அந்த நீளத்துக்குத் தொங்கினால் தன் எடையாலேயே அறுந்துவிடும். 1991-ல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா கார்பன் நானோகுழாய்களைப் பற்றி எழுதியபோதுதான் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு, ஆனால் அசுர பலம். 2013-ல் சீன ஆய்வாளர்கள் வளர்த்துக் காட்டிய நானோகுழாயின் நீளம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. ஜப்பானின் ஒபயாஷி கட்டுமான நிறுவனம் போட்டிருக்கும் திட்டத்துக்குத் தேவையான நீளம் 96,000 கிலோமீட்டர். நாசாவும் பலமான கயிறு செய்பவர்களுக்கு 20 லட்சம் டாலர் பரிசு அறிவித்துப் பார்த்தது. யாரும் வாங்கலை.

எஃப்.டி-யே பெட்டர்!

கயிறு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் பிசினஸ் கணக்கில்தான்.

அமெரிக்க விஞ்ஞானி பிராட்லி எட்வர்ட்ஸ் 2000-களின் தொடக்கத்தில் நாசா நிதியில் ஒரு விரிவான ஆய்வு செய்தார். அவர் மதிப்பீட்டில் லிஃப்ட் கட்டச் செலவு சுமார் 1,000 கோடி டாலர், அதாவது 85,000 கோடி ரூபாய். ஒரு கிலோ அனுப்பக் கட்டணம் சுமார் 220 டாலர். ஒரு தடவைக்கு 13 டன் சரக்கு. நாலு நாளைக்கு ஒரு பெட்டி ஏறுது, எப்பவும் ஃபுல் லோடுன்னு நாமளே வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 90 ட்ரிப். ட்ரிப்புக்கு 24 கோடி ரூபாய். ஆக மொத்தம் வருஷ வசூல் ரெண்டாயிரத்து இருநூறு கோடிக்குள். போட்ட முதலுக்கு இரண்டரை சதவிகிதம்! இதுல இன்னும் சம்பளம், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எதையும் கழிக்கலை. அந்தப் பணத்தை பேங்க்ல எஃப்.டி போட்டாலே அதிகம் கிடைக்கும். ஒபயாஷி சொன்ன 10 லட்சம் கோடி யென் செலவை வைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

கட்டணத்தை ஏத்தலாமேன்னு தோணும். அங்கேதான் ராக்கெட் குறுக்கே வருது. ஃபால்கன் 9 ராக்கெட்டில் தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஒரு கிலோ செலவு சுமார் 2,700 டாலர் வரை இறங்கிவிட்டது. 2015 டிசம்பரில் அது திரும்ப வந்து நின்று காட்டிய பிறகு, லிஃப்ட்டின் பெரிய போட்டியாளர் அதுதான். விலை இறங்க இறங்க லிஃப்ட்டின் லாபம் கரையும். சரக்கு பல மடங்கு பெருகினால் மட்டுமே லிஃப்ட் கட்டுப்படியாகும். அவ்வளவு சரக்கை மேலே வாங்கிக்க யார் இருக்கா?

இதுக்குத்தான் 'வேற்றுக்கிரகக் குடியேற்றம்' என்கிற பதில் வருகிறது. செவ்வாயில் ஊரே உருவாகும், சரக்குப் போகும், வரும். நல்லா இருக்கு. ஆனா அந்த ஊர் நமக்கு என்ன விற்கும்? நம்ம ஊர்ல இருந்து வெளிநாடு போனவங்க பணம் அனுப்புறாங்க, ஏன்னா அங்கே யாரோ சம்பளம் கொடுக்கிறாங்க. செவ்வாயில் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. மூச்சுக்காற்றுக்கே செலவு செய்யணும்.

விண்கற்களில் தங்கமும் பிளாட்டினமும் கொட்டிக்கிடக்கு, கோடி கோடி டாலர் மதிப்புன்னு ஃபார்வர்டு வந்திருக்கும். 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியத்தை வெச்சாங்க. அப்போ அது அவ்வளவு மதிப்பான உலோகம். 1886-ல் மின்சாரம் மூலம் பிரிக்கும் முறை வந்தது. இன்னிக்கு அது பிரியாணி பார்சலைச் சுத்துற ஃபாயில். பிளாட்டினம் மலையையே கொண்டுவந்தால் விலையும் அப்படித்தான் விழும். கொண்டுவரும் செலவோ தனி. 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2023-ல் நாசா பென்னு விண்கல்லிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம் மண். ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம், வியாபாரத்துக்கு இல்லை. விண்கல் சுரங்கம் தோண்டக் கிளம்பிய பிளானட்டரி ரிசோர்ஸஸில் கூகுளின் லாரி பேஜ்கூட முதலீடு செய்திருந்தார். 2018-ல் அதை ஒரு பிளாக்செயின் கம்பெனி வாங்கியது.

செவ்வாய்க்கு ஒருவழி டிக்கெட் என்று 2012-ல் கிளம்பிய 'மார்ஸ் ஒன்' ஞாபகம் இருக்கா? விண்ணப்பக் கட்டணம் வாங்கினாங்க, 100 பேர் பட்டியல் போட்டாங்க. ராக்கெட் மட்டும் இல்லை. 2019-ல் திவால். அடுத்த தடவை 'ஸ்பேஸ் காலனியில் இப்பவே முதலீடு' என்று ரீல்ஸில் யாராவது வந்தால், யூ.பி.ஐ பின் போடுறதுக்கு முன்னாடி 'அங்கேயிருந்து என்ன விற்கப்போறீங்க?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

சுங்கச்சாவடி யாருக்கு?

இதையெல்லாம் தாண்டி, என்றாவது ஒருநாள் யாராவது கட்டிவிட்டால்? முதல் லிஃப்ட்தான் கஷ்டம். ரெண்டாவதுக்கான கயிற்றை முதல் லிஃப்ட்டிலேயே மலிவா ஏத்திடலாம். எட்வர்ட்ஸ் ஆய்விலேயே இது இருக்கு. அப்படின்னா முதல்ல கட்டினவர் கிட்டத்தான் வானத்துக்கான சுங்கச்சாவடி. அவர் சொல்றதுதான் ரேட்.

1967 விண்வெளி ஒப்பந்தப்படி விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. இருந்தும் 1976-ல் கொலம்பியா, ஈக்வடார், கென்யா, உகாண்டா, இந்தோனேஷியா உட்பட நிலநடுக்கோட்டு நாடுகள் எட்டு சேர்ந்து பொகோட்டாவில் ஒரு அறிக்கை விட்டன. எங்க தலைக்கு நேர் மேல இருக்கிற அந்தச் சாட்டிலைட் பாதை எங்களுக்குத்தான் சொந்தம் என்றன. பணக்கார நாடுகள் கண்டுகொள்ளவே இல்லை. லிஃப்ட் வந்தால் அதன் அடிப்பகுதி அந்த நாடுகளில் ஒன்றில்தானே நிற்கணும், அப்போ பேரம் பேசலாமே என்று நினைப்பீர்கள். எட்வர்ட்ஸின் திட்டத்தில் அதற்கும் இடமில்லை. அவர் கயிற்றைக் கட்டச் சொன்ன இடம், ஈக்வடாருக்கு மேற்கே பசிபிக் பெருங்கடல் நடுவில் ஒரு மிதக்கும் மேடை.

ஒபயாஷி 2025-ல் கட்டுமானத்தைத் தொடங்கி 2050-ல் ஓட்டுவதாகச் சொல்லியிருந்தது. 2025-ல் வேலை தொடங்கவில்லை. ஆராய்ச்சியும், கூட்டாளிகளைத் தேடுவதும் நடந்துக்கிட்டிருக்கு.