படத்தைப் பார்க்க முடியாதவருக்கு யார் சொல்வது?

பார்வை இழந்த விளையாட்டு வீரர்களும் பீடி, சிகரெட்டும்

பார்வை இழந்தவர்கள் கிரிக்கெட் ஆட முடியுமா? ஆடுகிறார்கள். உலகக் கோப்பையையே வென்றிருக்கிறார்கள்!

2012-ம் ஆண்டு பெங்களூரில் நடந்த பார்வையற்றோர் 20 ஓவர் உலகக் கோப்பைப் போட்டியில், இந்திய வீரர்கள் பாகிஸ்தான் அணியைத் தோற்கடித்தனர். 2017-ம் ஆண்டிலும் கோப்பை இந்தியாவுக்கே கிடைத்தது.

காதுதான் கண்

இந்த ஆட்டத்தில் பந்துக்குள் சிறு இரும்புக் குண்டுகள் இருக்கும். பந்து உருளும்போது கலகலவென்று சத்தம் வரும். அதைக் கேட்டே அடிக்க வேண்டும். அணியில் உள்ள 11 பேரில் குறைந்தது 4 பேர் பார்வையை முழுமையாக இழந்த பிரிவினர். மற்றவர்களுக்கு ஓரளவு பார்வை உண்டு.

இவர்களுக்கு மூச்சும், காதும், மிச்சப் பார்வையும்தான் சொத்து. புகை இந்த மூன்றையும் கெடுக்கிறது.

மிச்சமும் போகும்

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, இரத்தத்தில் பிராண வாயுவின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. நாலு அடி ஓடினாலே மூச்சு வாங்கும். புகை பிடிப்பவர்களுக்குக் காது மந்தமாகும் வாய்ப்பும் அதிகம்.

கண்புரைக்கும், விழித்திரையின் நடுப்பகுதியைக் கெடுக்கும் நோய்க்கும் புகை ஒரு காரணம். இழை அறுந்தால் கண்ணால் தேடி முடிய வேண்டிய ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர்களுக்குக் கண்ணின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அரைப் பார்வை உள்ளவருக்கோ அந்த மிச்சம் இன்னும் பெரிது!

"கண்தான் போய்விட்டதே, இனி பீடி என்ன செய்துவிடும்?" என்று நினைப்பது தவறு.

படம் போதுமா?

1-4-2016 முதல் சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். ஆனால் பார்வை இல்லாதவருக்கு? அவர் கையில் அது வெறும் காகிதம்!

ஆகவே, வாயால்தான் சொல்ல வேண்டும். தாய் சொல்லலாம். அண்ணன் சொல்லலாம். பயிற்சி தருபவர் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிலர், "பாவம், அவனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது?" என்று தாங்களே பீடியை நீட்டுகிறார்கள். இது இரக்கம் அல்ல, கெடுதல்.

ஓட்டப் பந்தயத்தில் பார்வை இழந்த வீரருடன் ஒரு துணைவரும் ஓடுவார். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கும். அந்தத் துணைவர் புகை பிடித்தால், பக்கத்தில் இருப்பவருக்கும் அந்தப் புகை போகும்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி யோசனை கேட்கலாம். கட்டணம் கிடையாது. அதற்குக் கண் வேண்டாம். காது இருந்தால் போதும்!