சிறுநீரகத்தைத் தாக்கும் பெயரற்ற மருந்துகள்

கிராமத்தின் செல்வம் நிலமும் நீரும் மட்டுமன்று. உழைப்போரின் உடல்நலமே முதற்செல்வமாகும். அந்நலத்திற்கு ஊறு செய்யும் சிறுநீரக நோயொன்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல் மருத்துவமனையொன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்நோய் 22 பேருக்குக் கண்டறியப்பட்டது. அவர்களுள் 15 பேருக்கு ‘நெல்-1’ என்னும் புரதத்தைச் சார்ந்த வகை இருந்தது. (பெயரொற்றுமையன்றி, வயலில் விளையும் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளைப் பூசி வந்தவர்கள். பாதரசம் கலந்த களிம்புகளே காரணமென மருத்துவர்கள் கருதினர். சில நாட்டு மருந்துகளுக்கும் இதே நோய்க்கும் தொடர்புண்டு என 2022-இல் வெளியான ஆய்வொன்றும் தெரிவித்தது.

நோய் உண்டாகும் விதம்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. கிருமிகளை எதிர்ப்பதற்காக உடல் உண்டாக்கும் காப்புப் பொருள்களே இந்நோயில் வடிகட்டிகளின்மீது படிந்து அவற்றைச் சிதைக்கின்றன. வேலியே பயிரை மேய்வது போன்றது இது. இரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் கசிகிறது, சிறுநீர் நுரைக்கிறது, முகமும் கால்களும் வீங்குகின்றன. சில வலி மாத்திரைகளாலும் இத்தகைய நோய் வருவதுண்டு. காரணமான பொருளைக் காலத்தில் நிறுத்தினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர் என்பது ஆறுதலான செய்தி.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர்

மாற்றுச் சிறுநீரகத்திலும் இந்நோய் தோன்றக்கூடும். மேலும், அதனை உடல் தள்ளிவிடாதிருக்க உண்ணும் மருந்தின் அளவைச் சில கிருமிக்கொல்லி மருந்துகள் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆகவே அவர்கள் தம் மருத்துவரைக் கேளாமல் எதையும் உட்கொள்ளலாகாது.

நாம் செய்யத்தக்கவை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஆலை வேலைக்கும் சந்தைக்கும் மாநில எல்லையைக் கடந்து செல்வோர் பலர். எங்கு வாங்கினும், தயாரித்தவர் பெயரும் சேர்ந்த சரக்குகளும் குறிக்கப்படாத களிம்பையும் பொடியையும் விலக்குக. மூட்டுவலிக்கெனத் தாமாகவே மாத்திரை உண்பதைத் தவிர்க்க. கால் வீங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்து, உபயோகித்த களிம்பு, மருந்து அனைத்தையும் மறைக்காமல் காட்டுக.

வீடு தேடிச் சென்று சிகிச்சையளிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. அம்மாவட்டத்துப் பஞ்சாயத்துகள் இவ்வெச்சரிக்கையையும் கிராம சபையில் எடுத்துரைத்து, வீடுதோறும் சேர்ப்பிக்குமாக!