விடிய விடிய சிரிக்க வைப்பவர்கள் விடிந்தால் தூக்கமின்றி தவிப்பு: நாடக கலைஞர்களுக்கு கைகொடுக்கும் மனநல ஆலோசனை

மதுரை,

ராத்திரி 10 மணிக்கு மேடை ஏறினால் விடியற்காலையில் தான் இறங்க வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோவில் திருவிழா களைகட்டும் மாதங்களில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் ஸ்பெஷல் நாடக நடிகர், நடிகைகளுக்கு இது தான் டூட்டி. ஜனங்களை வயிறு குலுங்க சிரிக்க வைத்த பபூன், வீட்டுக்கு போய் பகல் முழுக்க கண்ணை மூட முடியாமல் புரண்டு கொண்டு கிடப்பது, முன்னால் துண்டு விரித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு தெரியாது.

இந்த மாதிரி தவிப்புக்கு மாத்திரை இல்லாமலே வழி சொல்கிறவர் தான் உளவியல் நிபுணர், அதாவது சைக்காலஜிஸ்ட். மருந்து எழுதி தருபவர் மனநல டாக்டர். உளவியல் நிபுணர் மருந்து எழுத மாட்டார். உட்கார வைத்து பேசுவார், பேச வைப்பார். ஒரு தடவை போனால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரே தடவையில் முடிகிற வேலையும் அல்ல.

ஒத்திகை கிடையாது

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்கள் தான் இன்றைக்கும் ஓடுகின்றன. ராஜபார்ட் ஒரு ஊரில் இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர். பபூன், டான்சும் தனித்தனியாக புக் ஆகி வருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை, மேடையில் தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். தர்க்கம் என்று வந்து விட்டால் எதிரில் நிற்பவர் என்ன கேள்வி போடுவார் என்று தெரியாது. பதில் வராமல் நின்றால் மைக் முன்னால் மானம் போய் விடும்.

அந்த நேரத்தில் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், நாக்கு உலரும், கை நடுங்கும். புலியை பார்த்தால் ஓடுவதற்காக உடம்பு செய்கிற ஏற்பாடு இது. மேடையில் ஓட முடியாதே! இது புதுசாக வந்தவர்களுக்கு மட்டும் வருகிற கோளாறு என்று நினைத்தால் தப்பு. அமெரிக்காவில் பெரிய பாடகியான பார்பரா ஸ்ட்ரைசண்ட், 1967-ல் நியூயார்க் கச்சேரியில் பாட்டு வரிகளை மறந்து விட்டார். அந்த பயத்தில் பல வருடம் மேடை கச்சேரியை தவிர்த்து வந்தவர், 1994-ல் தான் மறுபடி ஊர் ஊராக பாட கிளம்பினார்.

இதற்கு உளவியல் நிபுணர்கள் சொல்லி தரும் முதல் பாடம் மூச்சு. 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். வெளியே விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு குறையும். அடுத்து, எதை நினைத்து பயம் என்று ஒவ்வொன்றாக சொல்ல வைத்து, சின்ன பயத்தில் இருந்து பெரிய பயத்துக்கு கொஞ்சம் கொஞ்சமாக பழக்குவார்கள்.

நடுக்கத்தை நிறுத்த புரோப்ரனலால் என்ற மாத்திரை இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. கூட நடிக்கிறவர் கொடுத்தார் என்று வாங்கி போட்டுக்கொள்ள கூடாது.

கட்டிங் போட்டால் தூக்கம் வருமா?

நாடகம் முடிந்தாலும் உடம்பின் வேகம் உடனே அடங்காது. வெளியே வந்தால் வெயில் வேறு கண்ணில் அடிக்கும். மூளை அதை காலை என்று தான் எடுத்துக் கொள்ளும். நைட் ஷிப்டு பார்க்கிற மில் தொழிலாளி, பஸ் டிரைவர்களுக்கும் இதே கதி தான். சரி, ஒரு கட்டிங் போட்டால் தூங்கி விடலாம் என்று ஆரம்பிப்பார்கள். சாராயம் தூங்க வைப்பது போல வைத்து, பாதியில் எழுப்பி விட்டு விடும். அப்புறம் கட்டிங் குவார்ட்டர் ஆகும். நல்ல குரல் படைத்த எத்தனையோ பேரை இந்த வழக்கம் சாய்த்து விட்டது.

விடியற்காலை 3 மணிக்கு மேல் டீயை நிறுத்துவது, ஜன்னலுக்கு கறுப்பு துணி போட்டு அறையை இருட்டாக்குவது, தினமும் ஒரே நேரத்தில் படுப்பது ஆகியவை ஆலோசனையில் சொல்லப்படும் எளிய வழிகள். காசு செலவில்லை.

பெண்களுக்கு இரட்டை பாரம்

டான்ஸ் ஆடுகிற பெண்ணை பார்த்து குடிபோதையில் கண்டபடி கத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேடையில் சிரித்து சமாளித்தாக வேண்டும். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்து பேச்சு, பிள்ளையை பள்ளிக்கூடத்தில் "கூத்தாடி மகள்" என்று கிண்டல். சிரித்து விழுங்கிய அவமானம் மனசில் தங்கி, காரணம் இல்லாத அழுகையாகவும், கோபமாகவும், உடம்பு வலியாகவும் வெளியே வரும். இதை யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு, கேட்க ஒரு ஆள் கிடைப்பதே பாதி மருந்து.

2020, 2021-ல் கொரோனாவால் சித்திரை திருவிழாவே வழக்கம் போல நடக்கவில்லை. சீசன் போய், வட்டிக்கு வாங்கி தின்றார்கள். கடன் இருக்கிற மனசுக்கு மூச்சு பயிற்சி மட்டும் போதாது, இதை ஒத்துக்கொள்ள தான் வேண்டும். 2007-ல் அமைக்கப்பட்ட நாட்டுப்புற கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து வைப்பதும் இதனால் முக்கியம்.

வெளியே தெரிந்தால்?

"பைத்தியம் என்று பட்டம் கட்டி விடுவார்கள், ஏஜெண்டு புக் பண்ண மாட்டார்" என்ற பயம் தான் பலரை தடுக்கிறது. 2017-ம் ஆண்டு மனநல பாதுகாப்பு சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். சட்டம் சொல்லும் சில சூழ்நிலைகள் தவிர, ஏஜெண்டிடமோ சங்கத்திலோ சொல்ல கூடாது.

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநல பிரிவு உள்ளது. மற்ற மாவட்டங்களிலும் மாவட்ட மனநல திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், வசனம் பேசுகிறார் என்று விட்டு விடாமல் அன்றைக்கே அழைத்து போக வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் 14416 அல்லது 104 எண்ணுக்கு போன் செய்யலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், நாடகம் முடிந்து வேஷம் கலைக்கிற விடியற்காலையிலும் எடுப்பார்கள்.