கெளிறும் சுங்கானும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் மாவட்டத்துக்கு வந்த குடும்பங்களில் வயலையும் குளத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள் பலர். மன்னாரின் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்தவர்களுக்குச் சுங்கான் மீனைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் கனமூலையை அடுத்த புத்தளம் களப்பில் கிடைப்பது உவர்நீர்க் கெளிறு. இரண்டும் உறவு மீன்கள். செதிலற்ற வழுவழுப்பான உடல், மீசை, நஞ்சுள்ள முள் ஆகியவை இரண்டுக்கும் பொது.

வாழும் முறை

சுங்கானுக்குச் செவுளோடு உடலினுள்ளே நீண்ட காற்றுப்பைகளும் உண்டு. அதனால் மேலே வந்து காற்றை விழுங்கும். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றில் பிழைத்துக் கிடக்கும்.

கெளிறு களப்பின் அடியில் மேயும். இருட்டிலும் கலங்கல் நீரிலும் மீசையால் தடவி இரை தேடும். இறால், நண்டு, புழு எல்லாம் அதற்கு உணவு. முட்டைகளைக் காப்பது ஆண் மீன். அவற்றை வாய்க்குள் வைத்து, குஞ்சு பொரிக்கும்வரை பல வாரங்கள் இரை உண்ணாமல் சுமக்கும். ஒரு தடவைக்குச் சில பத்து முட்டைகளே இருக்கும். ஆகவே வலையில் வரும் மீனின் வாயில் முட்டையோ குஞ்சோ கண்டால் உடனே நீரில் விட்டுவிடுங்கள். அந்த ஒன்றைப் பிடித்தால் ஒரு குடும்பமே போய்விடும்.

பிடிக்கும் முறை

பொழுது சாயும் நேரமும், மழைக்குப் பின் நீர் கலங்கிய நேரமும் நல்லவை. தூண்டிலில் ஈயக்குண்டு கட்டி, இரை அடியில் கிடக்கும்படி விடுங்கள். களப்பில் இறாலும் மீன்குடலும், குளத்தில் மண்புழுவும் ஏற்ற இரைகள். தங்கூசி வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதைப் பாவிக்க வேண்டாம்.

முள்ளில் அவதானம்

கெளிற்றுக்கு முதுகில் ஒன்றும், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள் உண்டு. சுங்கானுக்குப் பக்கத்து முட்களில் நஞ்சு. மீனை வெறுங்கையால் பிடியாதீர்கள். தடித்த சாக்கினால் அமத்தி, முட்களைக் குறட்டால் ஒடித்த பின்னரே கையில் எடுங்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும். ஒடித்தவற்றைப் பிள்ளைகள் நடக்கும் இடத்தில் போடாமல் புதைத்து விடுங்கள்.

குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டு நீரில் குத்திய இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி தணியும். கடுப்பினால் சூடு தெரியாமல் போகலாம். முதலில் மற்றக் கையால் நீரைப் பாருங்கள். பின்னர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, உள்ளே முள் முறிந்திருக்கிறதா என்று காட்டி, ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். கூலி வேலைக்குப் போகிறவரின் கை வீங்கினால் பல நாள் சம்பளம் போய்விடும். ஆகவே 'சின்ன முள்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.