தண்டுவடத் திரவம் உணர்த்தும் உண்மை

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1955ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டது. பின்னர்ப் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் பரவியது. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்களே இந்நோயைப் பரப்புவதால், கடலூர், சிதம்பரம் பகுதிகளில் விழிப்புணர்வு இன்றியமையாதது.

காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியன பிற மூளை நோய்களிலும் தோன்றும். ஆகவே, கீழ்முதுகிலிருந்து சிறிதளவு தண்டுவடத் திரவம் எடுக்கப்பட்டு, எலைசா முறையில் ஆராயப்படுகிறது. ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் குருதியிலிருந்து மூளைப்பகுதிக்குள் எளிதில் நுழைவதில்லை. குருதியில் மட்டும் அது காணப்படின், அறிகுறியற்ற தொற்றோ தடுப்பூசியோ காரணமாகலாம். தண்டுவடத் திரவத்தில் காணப்படின், தொற்று மூளையை எட்டியமை புலனாகும். நோயின் தொடக்க நாள்களில் எதிர்ப்பொருள் தென்படாமலும் போகலாம். அந்நிலையில் மறு ஆய்வு தேவை.

இந்நோயைத் தீர்க்கும் தனி மருந்து இல்லை. எனினும், ஒரு குழந்தையின் நோய் உறுதியானால், கொசு ஒழிப்பாலும் தடுப்பூசியாலும் ஊரின் பிற குழந்தைகளைக் காக்கலாம்.